லாம்ப்ருஸ்கோ குடிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

லாம்ப்ருஸ்கோ என்றதும் ‘அந்த இனிப்பு ஒயினா?’ என்று முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1970, 80களில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானதில் பெரும்பகுதி இனிப்பு வகைதான். விற்பனை அமோகம், ஆனால் பெயர் கெட்டுவிட்டது. நுரைக்கும் இந்தச் சிவப்பு ஒயின் பிறந்த வட இத்தாலியில், மோதெனா, ரெஜ்ஜோ எமிலியா பக்கத்துச் சாப்பாட்டு மேசைகளில் இருப்பதோ பெரும்பாலும் இனிப்பில்லாத வகை.

அதனால் முதலில் லேபிளைப் படியுங்கள். ‘செக்கோ’ என்றால் இனிப்பில்லாதது. ‘அமாபிலே’ ஓரளவு இனிப்பு, ‘டோல்சே’ நல்ல இனிப்பு. டோல்சேயை இறைச்சித் தட்டோடு வைத்துவிட்டு ஒயின் சரியில்லை என்பது நியாயமில்லை. அதன் இடம் பழம் வைத்துச் சுட்ட பண்டங்களின் பக்கத்தில்.

அடுத்தது, லாம்ப்ருஸ்கோ எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது. இது ஒரே திராட்சை இல்லை, ஒரு பெரிய குடும்பம். சொர்பாரா வெளிர் சிவப்பு, சில சமயம் ரோஸ் நிறமே. புளிப்பு தூக்கலாக இருக்கும். இந்தக் கொடியின் பூக்கள் தாமாகச் சரிவரக் காய்ப்பதில்லை. அதனால் பக்கத்திலேயே அதே குடும்பத்துச் சலமீனோ கொடியையும் நடுகிறார்கள். மோதெனாவுக்குத் தெற்கே காஸ்தெல்வெத்ரோ குன்றுகளில் விளையும் கிராஸ்பரோஸ்ஸா நேர் எதிர்: அடர்ந்த நிறம், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. சலமீனோ இரண்டுக்கும் நடுவில்.

இந்த வித்தியாசம் சாப்பாட்டில்தான் நன்றாகத் தெரியும். இந்த எமிலியாப் பகுதியின் சமையல் பன்றிக் கொழுப்பில் ஊறியது. டிஜெல்லா என்று உள்ளங்கை அளவில் ஒரு வட்ட ரொட்டி. அதைச் சூடாகப் பிளந்து, பூண்டும் ரோஸ்மேரியும் சேர்த்து இடித்த பன்றிக் கொழுப்பைத் தடவுவார்கள். மேலே பார்மிஜானோ சீஸைத் துருவிப் போடுவார்கள். கொழுப்பு உருகி ரொட்டிக்குள் இறங்கும். இரண்டு வாய்க்குள் நாக்கில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்துவிடும். அப்போது ஒரு மடக்கு சொர்பாரா போதும்: புளிப்பும் நுரையும் அதை வழித்துக்கொண்டு போக, அடுத்த வாய்க்கு நாக்கு தயார். மோர்ட்டடெல்லா என்னும் பெரிய பன்றி சாசேஜ், உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையான பார்மா ஹாம் இவற்றோடும் சொர்பாராதான் என் தேர்வு. கோதெக்கினோ என்னும் கனத்த பன்றி சாசேஜ், இறைச்சிக் குழம்பு அடுக்கிய லசானியா போன்றவற்றுக்கு கிராஸ்பரோஸ்ஸாவின் துவர்ப்பு வேண்டும். அதையே வேகவைத்த மீனோடு குடித்தால் வாயில் இரும்பு வாடைதான் மிஞ்சும்.

வினிகர் தூக்கலான சாலடும் வேண்டாம், எந்த ஒயினும் அதன்முன் சப்பென்றாகிவிடும். மோதெனாவின் இன்னொரு பெருமையான, குறைந்தது 12 ஆண்டு பதப்படுத்திய பாரம்பரிய பால்சமிக் வினிகரைப் பார்மிஜானோ துண்டின்மேல் சில சொட்டு விடுவது வேறு விஷயம். அது புளிப்பும் இனிப்புமாக அடங்கிப் போகும்.

சிவப்பு ஒயின்தானே என்று அறை வெப்பத்தில் ஊற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. சூடேறினால் நுரை சீக்கிரம் போய்விடும், ருசி தளர்ந்துவிடும். சொர்பாராவுக்கு 8 முதல் 10 டிகிரி, கிராஸ்பரோஸ்ஸாவுக்கு 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் சரி. பின்னதை அதிகம் குளிர வைத்தால் துவர்ப்பு முரடாகிவிடும்.

அப்புறம், பாட்டிலை வருடக்கணக்கில் பத்திரப்படுத்தாதீர்கள், பெரும்பாலும் இளசாகக் குடிக்க வேண்டிய ஒயின் இது. பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிக்கவிடும் பழைய முறையில் செய்தது கலங்கலாக, அடியில் வண்டலோடு இருக்கும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், அது ஈஸ்ட்.

பக்கத்து லொம்பார்தியாவின் மாந்துவாவில் ஒரு வழக்கம் உண்டு. அன்னியோலினி, அதாவது இறைச்சி அடைத்த குட்டிப் பாஸ்தா, மிதக்கும் சூடான சூப்பில் லாம்ப்ருஸ்கோவைக் கொஞ்சம் ஊற்றிக் கிண்ணத்தோடு குடிப்பார்கள். பார்க்க அபத்தமாகத் தோன்றும், நிறமும் ஒரு மாதிரி ஆகிவிடும். ஆனாலும் ஒருமுறை செய்து பாருங்கள். விலையுயர்ந்த பாட்டில் வேண்டாம், செக்கோவாக இருந்தால் போதும்.