'நே'ன்னு காதுல விழுந்தா இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க

கிரீஸ்ல தெசலோனிகி ஊர் பஸ் ஸ்டாண்டு கவுண்டர்ல நின்னு, பல்கேரியா தலைநகர் சோஃபியாவுக்குப் போற பஸ்ல இன்னைக்கு சீட் இருக்கான்னு கேக்குறீங்கன்னு வைங்க, உள்ள உக்காந்திருக்கற அம்மா ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே "நே, நே"ங்கறாங்க, நீங்களும் சரி இல்ல போலன்னு பையைத் தூக்கிட்டுத் திரும்பிடுவீங்க. அவங்க சொன்னது "இருக்கு, இருக்கு". கிரேக்கத்துல 'நே'ன்னா ஆமாம், இல்லைன்னு சொல்ல 'ஓஹி'.

இந்தத் தப்பு யாருக்கும் வரும். இங்கிலீஷ் நோ, ஜெர்மன் நைன், ரஷ்யன் ந்யெத், ஹிந்தி நஹீன்னு எல்லாமே ஒரே பழைய வேர்ல இருந்து வந்ததுதான், அதனால 'ந'ல ஆரம்பிச்சாலே மறுப்புன்னு நம்ம காது பழகிடுச்சு. கிரேக்கமும் அதே குடும்பம்தான், ஆனா அது மறுப்புக்கு வேற சொல்லைப் பிடிச்சுக்கிச்சு. பைபிள் புது ஏற்பாட்டோட கிரேக்க மூலத்துல மத்தேயு 5:37ல பாத்தீங்கன்னா அங்கேயே இந்த 'நே'ங்கற சொல் ஆமாம்ங்கற அர்த்தத்துலதான் வருது, அவ்வளவு பழசு. இன்னொண்ணு, இங்கிலீஷ் எழுத்துல இதை என், ஏ, ஐன்னு எழுதுவாங்க, அதைப் பாத்து 'நை'ன்னு படிக்காதீங்க, ஹிந்தி தெரிஞ்சவங்களுக்கு அது இன்னும் மோசமா குழப்பிடும்.

'ஓஹி'யை மனசுல நிறுத்த ஒரு வழி இருக்கு. 1940 அக்டோபர் 28ல இத்தாலி சர்வாதிகாரி முசோலினி தன் படையை உள்ள விடச் சொல்லி கெடு வச்சப்போ கிரீஸ் பிரதமர் மெடாக்சஸ் முடியாதுன்னுட்டாரு, இன்னைக்கும் அந்த நாள் அங்க 'ஓஹி நாள்'னு அரசு விடுமுறை. ஒரு நாடே 'இல்லை'ங்கற வார்த்தைக்கு லீவு விட்டுக் கொண்டாடுதுன்னு ஞாபகம் வச்சுக்கிட்டா அப்புறம் மறக்கவே மறக்காது.

செக் நாட்டுல வேற கதை. ஆமாம்க்கு 'அனோ', பேச்சுல அதைச் சுருக்கி 'நோ'ம்பாங்க. பிராக்ல ட்ராம்ல பக்கத்து சீட்காரர் போன்ல "நோ, நோ, நோ"ன்னு சொல்லிக்கிட்டே வந்தா சண்டைன்னு நினைக்காதீங்க, நாம "ம், ஆமா ஆமா"ன்னு சொல்வோமே அதுதான். போலந்துலயும் இந்த 'நோ' உண்டு, ஆனா அது கூட்டாளிங்ககிட்ட பேசற பேச்சு, பெரியவங்ககிட்ட சொன்னா மரியாதைக் குறைவு, அவங்ககிட்ட 'தாக்'னு முழுசா சொல்லுங்க.

போர்ச்சுகீஸ்ல பேச்சு முடியறப்போ வர்ற 'நே?' நம்ம "நல்லாருக்குல்ல?"ல வர்ற 'ல்ல' மாதிரி, மறுப்பு கிடையாது. பிரெஞ்சு படிக்கறவங்க பண்ற தப்பு இதுக்கு நேர் எதிர், 'ந' வருதான்னு காத்துக்கிட்டே இருப்பாங்க, பேச்சுல அது பெரும்பாலும் காணாமப் போயிடும், பின்னாடி வர்ற 'பா'வைப் பிடிச்சாதான் இல்லைங்கறது புரியும்.

எனக்குத் தெரிஞ்சு இதுல பெரிய சிக்கல் பல்கேரியாதான். தெசலோனிகில இருந்து பஸ் ஏறி எல்லை தாண்டினதும் அதே 'நே' இல்லைன்னு மாறிடும், ஆமாம்க்கு 'தா'. சரி தலையாட்டறதைப் பாத்துக்கலாம்னு நினைச்சா அதுவும் கைகொடுக்காது, அங்க தலையைப் பக்கவாட்டுல ஆட்டினா ஆமாம், மேலயும் கீழயும் ஆட்டினா இல்லை. நம்ம ஊர்ல 'சரி'ங்கறதுக்குத் தலையைப் பக்கவாட்டுல ஆட்டற பழக்கம் இருக்கறதால நமக்குப் பாதி பழகினதுதான், ஆனா வெளிநாட்டுக்காரங்கன்னு தெரிஞ்சதும் சில பேரு நமக்காக மாத்தி ஆட்டிடுவாங்க, அப்போ எந்த ஆட்டம்னே கண்டுபிடிக்க முடியாது. அதனால தலையைப் பாக்காம வாயில இருந்து 'தா' வருதா 'நே' வருதான்னு கேட்டுட்டு அப்புறமா காசை எடுங்க.