ஜனவரியில் பேச்சாளரை அழைக்கும் முன்: வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொதுத்தேர்வு முடிவு வரும் காலையில் வேலூர்க்காரர்கள் மாவட்டப் பட்டியலைக் கீழிருந்துதான் பார்க்கிறோம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் 2019இலும் 2024இலும் மாநிலத்திலேயே கடைசி இடம் நமக்கு. உடனே ஆய்வுக் கூட்டம் நடக்கும். ஜனவரி பிறந்ததும் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் வருவார். பிள்ளைகள் கைதட்டுவார்கள், சிலர் கண்கலங்குவார்கள். மறுநாள் முதல் பாடவேளையில் இயற்கணிதம் பழைய இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். ஊக்கம் வந்தால் படிப்பு தானே வரும் என்று நம்புவதுதான் முதல் தவறு. நான் பார்த்தவரை வரிசை பெரும்பாலும் தலைகீழ். ஒரு கணக்கு வந்துவிட்டால் போதும், அடுத்ததற்குக் கை நீளும்.

விடைத்தாளில் சிவப்பு மையில் ‘கவனம் தேவை’ என்று எழுதி அடுத்த கட்டுக்குப் போய்விடுவது இன்னொரு தவறு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி −3 + 5 என்பதற்கு −8 என்று எழுதியிருந்தாள். “எப்படிம்மா போட்டாய்?” என்று கேட்டேன். “மைனஸ் முன்னால் இருக்கிறதே டீச்சர், அதனால் கூட்டி மைனஸ் போட்டேன்” என்றாள். இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? அவளிடம் ஒரு விதி இருந்தது, அதைப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறாள்; விதிதான் தப்பு. கடையில் மூன்று ரூபாய் பாக்கி, கையில் ஐந்து ரூபாய் என்றேன். “கொடுத்தால் இரண்டு மிஞ்சும்.” −7 + 2? கொஞ்சம் யோசித்தாள். “இன்னும் ஐந்து பாக்கி டீச்சர். மைனஸ் ஐந்து.” அன்று மாலை மிச்சக் கணக்குகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

‘நீ புத்திசாலி’ என்று பாராட்டுவதும் ஆபத்துதான். 1998இல் கிளாடியா மியூல்லர், கரோல் டுவெக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், அறிவைப் புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருமுறை சறுக்கியதும் பின்வாங்கினார்கள். உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். அதற்காகத் தோற்றவனிடம் ‘நன்றாக முயன்றாய்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அவனே நம்ப மாட்டான். ‘படம் போட்டுப் பார்த்தாயே, அது சரியான வழி’ என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

‘மெல்லக் கற்போர்’ பட்டியலைத் தலைமையாசிரியர் கேட்பார், எழுதித்தான் ஆக வேண்டும். அதை வகுப்பில் உரக்கப் படிப்பானேன்? அவர்களை எட்டு மதிப்பெண் வடிவியலும் வரைபடமும் மட்டுமே போடவைத்துத் தேர்ச்சி பெறச் செய்கிறோம். மார்ச்சில் வேறு வழியில்லை, மறுக்கவில்லை. ஜூனிலேயே அதைத் தொடங்கினால், பின்னம் தெரியாத பிள்ளை பின்னம் தெரியாமலே பதினொன்றாம் வகுப்புக்குப் போகும்.

காலைச் சிறப்பு வகுப்பில் கோரஸாக வாசிக்க வைப்பதையும் குறைக்கலாம். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பப் படித்தது உடனே நினைவில் நிற்கும். ஒரு வாரம் கழித்தும் நிற்பது, பார்க்காமல் எழுதிப் பழகியதுதான் என்று 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள்.

ஆசிரியர்களான நம் வளர்ச்சிக்கு வருவோம். செப்டம்பர் 5 அன்று, வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணனை நம் ஊர்க்காரராகவே சொந்தம் கொண்டாடுகிறோம். பக்கத்து வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சக ஆசிரியரின் பாடத்தைக் கேட்க மட்டும் நமக்குக் கூச்சம்.

கடைசியாகப் பெற்றோர் கூட்டம். குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் பீடி சுற்றும் தாய்மார்களுக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. அரைநாள் கூலியை விட்டு வந்தவரிடம் ‘உங்கள் பையனுக்கு அக்கறையே இல்லை’ என்று சொல்லி அனுப்பினால் அவர் என்ன செய்வார்? வீட்டில் பையனுக்கு அடி விழும். அதைவிட, இருபத்தைந்து பீடி ஒரு கட்டு என்றால் ஆயிரத்துக்கு எத்தனை கட்டு என்று அவனிடமே கேட்கும்படி அம்மாவிடம் சொல்லலாம். விடை அவருக்குத் தெரியும். கூட்டத்தையும் மாலை ஐந்து மணிக்குமேல் வைக்கலாம், கூலி போகாது.