தாமரை இலைத் தண்ணீராய் உருண்ட வண்ணம்: என் அனுபவம்

சிங்கப்பூரின் கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டப்பட்ட டான் டெங் நியா வீட்டைக் கடக்கும்போதெல்லாம் கை பரபரக்கும். ஒரே சன்னலில் அத்தனை வண்ணங்கள்! இந்த முறை வெறும் நீர்வண்ணம் போதாதென்று தோன்றியது. தேக்காவில் பூ மடித்துத் தந்த தமிழ் நாளிதழைக் கிழித்து, சுவர் வரவேண்டிய இடத்தில் ஒட்டினேன்.

மேலே தடவிய வெள்ளைப் பசை காய்ந்ததும் தூரிகையை வைத்தால், தாமரை இலைத் தண்ணீர்போல வண்ணம் முத்துமுத்தாக உருண்டது. மூன்று நாள் உழைப்பு. மனம் நொந்துவிட்டது.

பசை காய்ந்தால் பிளாஸ்டிக் படலமாகிவிடுகிறது. நீர்வண்ணத்துக்கோ உறிஞ்சும் பரப்பு வேண்டும். செய்தித்தாள் வேறு, மரக்கூழிலிருந்து வரும் லிக்னின் என்ற பொருள் இருப்பதால் நாளடைவில் பழுப்பேறும்.

இப்போது அந்தப் பக்கத்தை அமிலமற்ற மெல்லிய தாளில் லேசர் நகலெடுக்கிறேன். லேசர் அச்சுப்பொடியான டோனர் தண்ணீரில் கரையாது. இங்க்ஜெட் மை பெரும்பாலும் வழிந்துவிடும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளில் அதை ஒட்டி, மேலே ஒளி ஊடுருவும் வாட்டர்கலர் கிரவுண்ட், அதாவது நீர்வண்ணத்தை உறிஞ்சும் அடிப்பூச்சு, இரண்டு மெல்லிய பூச்சு. ஒரு நாள் காயவிடச் சொல்வார்கள். நம்மூர் ஈரக்காற்றுக்கு நான் இரண்டு நாள் விடுகிறேன், மின்விசிறிக்கடியில். ஒருமுறை அவசரப்பட்டு மறுநாள் காலையிலேயே தீட்டியபோது பூச்சு தூரிகையோடு உரிந்து வந்தது.

இரண்டாவது படத்தில் மஞ்சள் அழகாகப் படிந்தது. அடியில் எழுத்துகள் தெரிகின்றன, வீட்டுக்குள் யாரோ பேசிக்கொண்டிருப்பதுபோல. பச்சைச் சன்னல் மட்டும் பாக்கி, ஞாயிற்றுக்கிழமை தீட்டப்போகிறேன்.