குளிரில் ஹார்ட் வேக்ஸ்: மலையில் இருப்பவர்கள் முதல் முறை செய்ய

மெழுகு தடவி முடியை எடுக்கும் ஹார்ட் வேக்ஸ் செய்வதைக் காட்டும் வீடியோக்களில் பெரும்பாலானவை வெயில் ஊர்களில் எடுத்தவை. மெழுகைத் தடவுகிறார்கள், கொஞ்ச நேரம் பொறுக்கிறார்கள், ஒரே இழுப்பில் எடுக்கிறார்கள். அதை அப்படியே ஊட்டியில் செய்து பார்த்தால் நடக்காது. நான் முதன்முதலில் செய்தது ஒரு டிசம்பர் மாதம், டைல்ஸ் போட்ட குளியலறையில் நின்றுகொண்டு. தடவிய மெழுகு கடலை மிட்டாய் போல உடைந்து, பாதி கையோடு வந்தது, பாதி அக்குளிலேயே ஒட்டிக்கொண்டது. சூடு போதவில்லை போல என்று நினைத்து, மெழுகு உருக்கும் ஹீட்டரைத் திருகி ஏற்றினேன். அடுத்த பூச்சில் தோல் வெந்துவிட்டது. அந்தத் தழும்பு மறைய இரண்டு மாதம் ஆனது.

பிறகுதான் விஷயம் புரிந்தது. குளிர் ஊரில் சூடு ஏற்ற வேண்டியது மெழுகுக்கு அல்ல, அறைக்கும் தோலுக்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்தான். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று எந்த மலையில் இருந்தாலும் இது பொருந்தும்.

எது ஹார்ட் வேக்ஸ்?

பார்லரில் கை கால்களுக்குத் தேன் போலத் தடவி, மேலே துணிப்பட்டை வைத்து இழுப்பது சாஃப்ட் வேக்ஸ். ஹார்ட் வேக்ஸுக்குத் துணி தேவையில்லை. மெழுகே இறுகி ரப்பர் தகடு போல ஆகும், அதையே பிடித்து இழுக்கலாம். சாஃப்ட் வேக்ஸ் தோலிலும் நன்றாக ஒட்டும். ஹார்ட் வேக்ஸ் அவ்வளவு ஒட்டாது, முடியைச் சுற்றி இறுகிப் பிடிக்கும். அதனால் அக்குள், உதட்டுக்கு மேல், தாடை போன்ற மென்மையான, கெட்டி முடி உள்ள இடங்களுக்கு இதுதான் நல்லது. இரண்டு கால் முழுவதற்கும் இதைப் போடுவதை நான் சொல்ல மாட்டேன். மெழுகும் நிறையச் செலவாகும், நேரமும் போகும்.

கடையில் இது சிறு மணிகளாக, பீட்ஸ் என்ற பெயரில் கிடைக்கும். பலவற்றில் பைன் மரப் பிசினும் தேன்மெழுகும் இருக்கும். பிசினை ரோசின் என்றோ கொலோஃபோனியம் என்றோ பொட்டலத்தில் போட்டிருப்பார்கள். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி போட்டாலே உங்களுக்குத் தோல் சிவந்து அரிக்கிறதா? பல பிளாஸ்திரிகளின் பசையிலும் இதே பிசின் உண்டு. அப்படிப்பட்டவர்கள் ரோசின் இல்லாததைத் தேடி வாங்குங்கள். எதை வாங்கினாலும் முதல் நாள் முன்கையில் ஒரு ரூபாய் அளவுக்குப் போட்டு எடுத்துவிட்டு, 24 மணி நேரம் பாருங்கள்.

யார் செய்யக் கூடாது

முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாய்ன் மாத்திரை சாப்பிடுபவர்கள் செய்யவே கூடாது. நிறுத்திய பிறகும் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அந்த மருந்து தோலை மெலிதாக்கிவிடும், மெழுகோடு தோலும் உரிந்து வரும். ட்ரெடினாய்ன், அடபாலின், ரெட்டினால் கிரீம் தடவும் இடத்தில் குறைந்தது ஒரு வாரம் முன்பே கிரீமை நிறுத்துங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மச்சம், மரு, புண், நரம்பு சுருண்டு புடைத்த இடம் எதன் மேலும் மெழுகு படக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தாடையிலும் கழுத்திலும் திடீரெனக் கெட்டி முடி வளர்ந்து, மாதவிடாயும் தள்ளித் தள்ளிப் போகிறது என்றால் வேக்ஸ் மட்டும் போதாது. சினைப்பை சம்பந்தப்பட்ட பிசிஓஎஸ் போன்ற ஹார்மோன் காரணம் இருக்கலாம். வெட்கப்படாமல் ஒரு பெண் மருத்துவரைப் பாருங்கள்.

தேவையானவை

பீட்ஸ், வேக்ஸ் ஹீட்டர், ஐஸ் குச்சிகள், முகம் தெரியும் கண்ணாடி, டால்கம் பவுடர், தேங்காய் எண்ணெய் அல்லது பேபி ஆயில், பழைய செய்தித்தாள், ஒரு டவல். இரண்டு அக்குளுக்கும் 50 கிராம் பீட்ஸ் தாராளம்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது நமக்குப் பழக்கம். ஹீட்டர் இல்லாமலும் செய்யலாம். பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, பீட்ஸ் போட்ட எவர்சில்வர் டம்ளரை அதற்குள் வையுங்கள். ஊட்டி 2240 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மெழுகு உருக அதுவே அதிகம். தோலைப் பொசுக்கவும் அது போதும், ஆகவே உருகியதும் வெளியே எடுத்து ஆற விட வேண்டும். டம்ளரை நேரடியாகத் தீயில் வைக்கவே கூடாது, மெழுகு பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறையைத் தயார் செய்வது

குளியலறை வேண்டாம். வீட்டிலேயே கதகதப்பான அறையைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னலைச் சாத்தி, எலக்ட்ரிக் ரூம் ஹீட்டரைக் கால் மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை நல்ல நேரம். கரியடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கம் வருவது போல இருந்து ஆளையே கொன்றுவிடும்.

முடி ஓர் அரிசி நீளம், அதாவது ஐந்தாறு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஷேவ் செய்தவர்கள் இரண்டு மூன்று வாரம் விட்டால் அந்த நீளம் வரும். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் கத்தரியால் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வலி அதிகம். மாதவிடாய்க்கு முந்திய நாள்களில் பலருக்கு வலி கூடுதலாகத் தெரியும், முடிந்தால் தள்ளிப் போடுங்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். பிறகு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த டவலை இரண்டு நிமிடம் அந்த இடத்தில் ஒற்றி வைத்து, மறுபடி ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். நம் ஊரில் இந்த ஒற்றடம்தான் பாதி வேலையைச் செய்கிறது. குளிர்ந்த தோலில் மெழுகு பட்ட நொடியே இறுகிவிடும், முடியைச் சுற்றிப் பிடிக்க அதற்கு நேரமே இருக்காது.

அடுத்துக் கொஞ்சம் பவுடர், அதன் மேல் இரண்டு சொட்டு எண்ணெய். தேங்காய் எண்ணெய் இங்கே ஆண்டில் பல மாதம் உறைந்தேதான் இருக்கும், உள்ளங்கையில் தேய்த்து உருக்கிக்கொள்ளுங்கள். தோல் மினுங்கக் கூடாது. மினுங்கினால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், எண்ணெய் அதிகமானால் மெழுகு முடியைப் பிடிக்காமல் வழுக்கும்.

மெழுகின் பதம்

ஹீட்டரில் பீட்ஸ் போட்டு, பொட்டலத்தில் சொன்ன அளவில் முழுவதும் உருக விடுங்கள். உருகியதும் சூட்டைக் குறைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். இந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம்.

குச்சியால் தூக்கிப் பாருங்கள். எண்ணெய் போலச் சொட்டினால் சூடு அதிகம். குளிர்காலத் தேன் போலக் கனத்து, மடிந்து மடிந்து விழ வேண்டும். ஹீட்டரின் எண்ணை நம்பாதீர்கள், விலை குறைந்தவற்றில் அது சரியாக இருப்பதில்லை. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு துளி வையுங்கள். இதமாக இருந்தால் சரி. சுருக்கென்றால் இன்னும் ஆற விடுங்கள். ஒவ்வொரு முறை குச்சியில் எடுக்கும்போதும் இந்தச் சோதனை வேண்டும்.

முதல் பூச்சு

நேராக அக்குளுக்குப் போகாதீர்கள். கெண்டைக்கால் பக்கத்தில், கண்ணுக்கு நன்றாகத் தெரியும் சமமான இடத்தில் இரண்டு மூன்று பூச்சு பழகுங்கள்.

முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கமாகத் தடவ வேண்டும். இரண்டு விரல் அகலம், நான்கு விரல் நீளம் போதும். முதலில் குச்சியை லேசாக அழுத்தி, முடியின் எதிர்த் திசையில் ஒரு முறை தேய்த்து, உடனே முடியின் போக்கில் திருப்பித் தடவினால் மெழுகு முடிக்கு அடியிலும் போகும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிய தடிமன் இருக்கட்டும். வீடியோக்களில் இதைவிட மெல்லியதாகப் போடுவார்கள், குளிரில் அது உடையும். ஓரங்கள் தோசை ஓரம் போல மெலியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடி வளரும் திசையின் முடிவில் கொஞ்சம் கெட்டியாக ஒரு மடிப்பு விடுங்கள், பிடித்து இழுக்க அதுதான் காது.

எத்தனை நொடி என்று கேட்பார்கள். அறைக்கு அறை மாறும், அதனால் நான் எண்ணுவதில்லை. விரலால் தட்டிப் பார்ப்பேன். பளபளப்பு மங்கி, விரலில் ஒட்டாமல், ஆனால் அழுத்தினால் இன்னும் வளைந்துகொடுக்கும் நிலைதான் பதம். வளைகிறதா என்பதைத்தான் முக்கியமாகப் பாருங்கள். நம் ஊரில் ஒட்டாத நிலைக்கும் உடையும் நிலைக்கும் நடுவே கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அதனால் ஒரு பூச்சை எடுத்து முடித்த பிறகே அடுத்த பூச்சு.

பதம் வந்ததும் காதை மெல்லத் தூக்குங்கள். மற்றக் கையால் காதுக்குக் கீழே தோலை இறுக்கிப் பிடித்து, மூச்சை வெளியே விட்டபடி, முடி வளரும் திசைக்கு எதிராக ஒரே வேகத்தில் இழுங்கள். மேலே தூக்கி இழுக்கக் கூடாது. தோலை ஒட்டி, தோலுக்கு இணையாகக் கை போக வேண்டும். மேலே இழுத்தால் முடி பாதியில் அறுந்து தோலுக்குள் சுருண்டு வளரும், சிராய்ப்பும் வரும். எடுத்த உடனே உள்ளங்கையை அங்கே அழுத்தி வையுங்கள், எரிச்சல் சட்டென்று அடங்கும்.

உடைந்துவிட்டதா? நகத்தால் சுரண்டாதீர்கள். மிச்சத்தின் மேலேயே புதிதாகக் கொஞ்சம் மெழுகு தடவி, இரண்டும் சேர்ந்து இறுகியதும் இழுத்தால் வந்துவிடும். அப்படியும் நின்றால் எண்ணெய் தேய்த்துக் கரைத்துத் துடையுங்கள். தண்ணீரில் போகாது. ஒரே இடத்தில் இரண்டு முறைக்கு மேல் போட வேண்டாம், மிச்ச முடியை ட்வீசரால் எடுத்துவிடலாம்.

சுட்டுவிட்டால், மெழுகைப் பிய்க்காமல் அப்படியே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை இரண்டும் வேண்டாம். கொப்புளம் வந்தால் டாக்டர்தான்.

அக்குள்

கண்ணாடி முன் உட்கார்ந்து, கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் எதிர்த் தோளை எட்டுவது போல வையுங்கள். தோல் தானாக விறைப்பாகும். இங்கே முடி ஒரே பக்கமாக வளராது, மேல் பாதி மேல்நோக்கி, கீழ் பாதி கீழ்நோக்கி, சிலருக்கு நடுவில் பக்கவாட்டிலும் இருக்கும். அதனால் மூன்று சிறு பூச்சுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் திசையில் போட வேண்டும். சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் வந்தால் பயப்பட வேண்டாம், கெட்டி முடி வேரோடு வந்ததன் அடையாளம்தான். சுத்தமான பஞ்சால் ஒற்றுங்கள்.

உதட்டுக்கு மேல் பகுதியை மூன்று நான்கு முறை அக்குளில் கை பழகிய பிறகு செய்யுங்கள், அந்தரங்க இடங்களை இன்னும் தள்ளி வையுங்கள். அக்கா தங்கையாக இருந்தாலும் ஒருவர் உடம்பில் பட்ட குச்சியை மற்றவர் மெழுகில் விடாதீர்கள்.

அன்றும் மறுநாளும்

சோற்றுக் கற்றாழை ஜெல் தடவலாம். நீலகிரித் தைலம் வீட்டில் இருக்கிறதே என்று பூசாதீர்கள், திறந்த மயிர்க்கால்களில் அது நெருப்பாக எரியும். கஸ்தூரி மஞ்சள், டியோடரன்ட், சூடான குளியல், இவை எல்லாம் 24 மணி நேரம் கழித்துத்தான். கம்பளி ஸ்வெட்டர் நேராகத் தோலில் உரசக் கூடாது, உள்ளே தளர்வான பருத்தி டாப் போட்டுக்கொள்ளுங்கள். வேக்ஸ் செய்த கை கால்களோடு திண்ணையில் வெயில் காய வேண்டாம். குளிராக இருந்தாலும், ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும்.

கல்யாணத்துக்கு மேட்டுப்பாளையம், கோவை என்று இறங்குபவர்கள் இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். புதிதாக வேக்ஸ் செய்த அக்குள் கீழே வெக்கையில் வியர்த்தால் பொரிப்பொரியாகக் கிளம்பும்.

மூன்றாம் நாளிலிருந்து வாரம் இரு முறை மென்மையான துணியால் வட்டமாகத் தேய்த்துக் குளித்தால் முடி உள்ளே சுருளாது. இரண்டு வாரத்தில் கொஞ்சம் முடி தலை காட்டினால் தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். வேக்ஸ் செய்த அன்று தோலுக்கு அடியில் இருந்த முடிகள் அவை. இடையில் ஷேவ் செய்யாமல் நான்கு அல்லது ஐந்து வாரத்தில் அடுத்த முறை செய்யுங்கள்.

மிச்ச மெழுகைச் சிங்கில் ஊற்றாதீர்கள், நம் குளிருக்குக் குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும். பயன்படுத்திய துண்டுகளைச் செய்தித்தாளில் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். ஹீட்டர் கிண்ணத்தை வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மூடி போட்டு வையுங்கள்.