சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் கொண்டுவந்து கொடுத்த டப்பா ஒன்று, பெருந்துறையில் உள்ள என் மாமா வீட்டில் காபித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே சிவப்பு ஈஸ்ட் அரிசி என்னும் செங்கல் நிறப் பொடி அடைத்த கேப்சூல்கள். கொழுப்பைக் குறைக்க டாக்டர் எழுதிக் கொடுத்த அடோர்வாஸ்டாட்டினை இரவில் விழுங்கி வந்த மாமா, காலையில் இதையும் இரண்டு போட்டுக்கொண்டிருந்தார். கிருத்திகைக்குச் சென்னிமலையின் 1,320 படிகளை ஏறி இறங்கிய பின் தொடைவலி பத்து நாளாகியும் விடவில்லை. ரத்தப் பரிசோதனையில் தசையிலிருந்து வெளியேறும் 'சிகே' என்ற நொதி பல மடங்கு கூடியிருந்ததைப் பார்த்த டாக்டர், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். "மருந்தெல்லாம் ஒன்னுமில்லீங்க, அரிசிதானுங்க" என்றார் மாமா.

மாமாவை ஏமாற்றியது அந்தப் பெயர்தான். இது மாப்பிள்ளைச் சம்பாவைப் போலத் தவிட்டால் சிவந்த அரிசி அன்று. வேகவைத்த வெள்ளை அரிசியின் மீது 'மொனாஸ்கஸ்' என்னும் பூஞ்சையை வளர்த்துப் புளிக்கவைத்து உலர்த்துவதால் வரும் சிவப்பு இது. சீனர்கள் பல நூற்றாண்டுகளாக மதுவுக்கும் இறைச்சிக்கும் நிறமேற்றவும், செரிமானத்துக்கும் ரத்த ஓட்டத்துக்குமான மருந்தாகவும் இதைப் பயன்படுத்தி வருகிறார்கள். பூஞ்சை வளரும்போது உண்டாகும் 'மொனாகோலின் கே' என்ற பொருளும், மாமாவின் அடோர்வாஸ்டாட்டினுக்கு இனமான, 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டின் மாத்திரையும் வேதியியலில் ஒன்றேதான். கெட்ட கொழுப்பான எல்டிஎல், ஆறு முதல் எட்டு வாரங்களில் 15 முதல் 25 சதவீதம் வரை குறைவதற்கும், அடோர்வாஸ்டாட்டினோடு சேர்ந்து மாமாவின் தொடை வலித்ததற்கும் காரணம் இந்த ஒரே பொருள். இயற்கையானது, ஆகவே பக்கவிளைவு இல்லை என்று விற்பவர் சொன்னால், அவர் பாதியை மறைக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

ஆகவே முதலில் வீட்டிலுள்ள மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 'ஸ்டாட்டின்' என்று முடியும் பெயர் அதில் இருந்தால் இதை வாங்கவே வேண்டாம்; அந்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட்டு இதற்கு மாறுவதும் தவறு. இவ்வகை மாத்திரையால் முன்பே தசைவலி வந்தவருக்கு இதிலும் வரலாம்.

அடுத்து டப்பாவின் மீதுள்ள எழுத்து. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலியை ஒடித்து உள் நிறத்தைப் பார்க்காமல் யாரும் விலை பேசுவதில்லை. ஆனால் இந்த கேப்சூலைப் பிரித்தால் விரலில் ஒட்டும் சிவப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது. '600 மில்லிகிராம்' என்பது புளித்த அரிசியின் எடை. மொனாகோலின் எவ்வளவு என்பதே நமக்கு வேண்டிய கணக்கு, அதைப் பலர் அச்சிடுவதில்லை. அமெரிக்காவில் 28 தயாரிப்புகளைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், இரண்டில் அது அறவே இல்லை. மற்றவற்றில் 60 மடங்குக்கும் மேல் வேறுபாடு இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் கொண்டுவந்த விதியின்படி, ஒரு நாள் அளவில் மொனாகோலின் 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும். அளவு குறிப்பிடாத டப்பாவைக் கடையிலேயே திருப்பி வைத்துவிடுவது நல்லது.

பூஞ்சையைச் சரியாக வளர்க்காவிட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் 'சிட்ரினின்' என்ற நச்சும் சேர்ந்துவிடும். அதற்கான பரிசோதனைச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஜப்பானில் 2024 மார்ச்சில் இந்த வகை மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டபோது குற்றவாளியாக நின்றது சிட்ரினின் அன்று. வேறொரு பூஞ்சை கலந்ததால் உண்டான பியூபெருலிக் அமிலம் என்ற நச்சு. சான்று இருந்தாலும் முழு உத்தரவாதம் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்கு உட்பட்டோர், 70 வயதைக் கடந்தோர், கல்லீரல் நோயாளிகள் இதைத் தொடக் கூடாது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகோனசோல் போன்ற மருந்துகளும், உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரினும் இதை உடலில் தேங்கவைத்து விளைவைக் கூட்டும். திராட்சைப்பழமல்லாத, எலுமிச்சை இனத்து 'கிரேப்ஃப்ரூட்' சாறும் அப்படியே.

இவற்றையெல்லாம் தாண்டி டாக்டரின் சம்மதத்தோடு தொடங்குபவர், முன்னதாகக் கொழுப்பு, கல்லீரல் நொதி இரண்டையும் பரிசோதித்துக்கொண்டு, எட்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். எல்டிஎல் இறங்கவில்லை என்றால் தொடர்வதற்குக் காரணமே இல்லை. இடையில் காரணமில்லாத தசைவலியோ சோர்வோ, கண்ணில் மஞ்சளோ, கடுங்காபி நிறத்தில் சிறுநீரோ கண்டால் அன்றைக்கே நிறுத்திவிட்டு, டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் செல்லுங்கள். மாமாவிடம் டாக்டர் கேட்டதும் டப்பாவைத்தான்; அதை எடுத்துவர நான் பெருந்துறைக்கு ஒருமுறை போய்வர வேண்டியதாயிற்று.