நேரு வீதிக்குத் தங்கக் காசு வாங்கப் போகும் முன்

புதுச்சேரி நேரு வீதியில் ஒரு நகைக்கடைக்குள் நுழைந்து காசு கேட்டால், "இருபத்திரண்டா, இருபத்துநாலா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அங்கே நின்று விழிக்காமல், பதிலை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

1. எதற்காக வாங்குகிறீர்கள்?

பின்னால் நகை செய்யும் எண்ணம் இருந்தால் 22 கேரட், அதாவது 916 காசு (ஆயிரத்தில் 916 பங்கு சுத்தத் தங்கம்) போதும். சேமிப்புக்கு 24 கேரட். அதில் 999 அல்லது 995 என்று பொறித்திருக்கும். பழைய காசு சேர்க்கும் ஆசை இருந்தால் அது தனிக் கதை, கீழே வருகிறேன்.

2. விலையைப் பிரித்துப் பாருங்கள்

கணக்குக்காக ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 கிராம் காசு 80,000. செய்கூலி 2 சதவீதம் என்றால் 1,600. இரண்டையும் சேர்த்து, அதற்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 2,448. ஆக மொத்தம் 84,048. தங்கம் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். ஒரு கிராம் காசில் செய்கூலி பொதுவாக இன்னும் கூடுதல். அதனால் மாதம் ஒரு கிராம் வாங்குவதைவிட, பணம் சேர்த்து மொத்தமாக வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

3. விற்பதைப் பற்றி வாங்கும்போதே கேளுங்கள்

நான் கோட்டைவிட்டது இங்கேதான். கடலூரில் ஒரு வங்கியில் 10 கிராம் காசு வாங்கினேன். அவசரத்துக்கு விற்கப் போனபோதுதான் தெரிந்தது, வங்கிகள் காசை விற்கலாம், திரும்ப வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடைசியில் நகைக்கடையில் கழிவு போகக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். கடையில் வாங்கினாலும், "நாளைக்கு இதையே கொண்டுவந்தால் எவ்வளவு கழிப்பீர்கள், பணமாகத் தருவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள், காசை வைத்து ஒட்டித் தரும் சீல் அட்டையைப் பிரிக்காதீர்கள். 2 லட்சத்துக்கு மேல் போனால் பான் எண் தேவை; அவ்வளவு தொகையை ரொக்கமாகக் கொடுக்கவும் முடியாது.

4. பழைய காசு என்றால்

நாம் சவரன் என்று சொல்வது 8 கிராம். அந்தச் சொல்லுக்கு மூலமான ஆங்கிலேயர் காசு 7.98 கிராம்தான், 22 கேரட், உள்ளே சுத்தத் தங்கம் 7.32 கிராம். ஒரு பக்கம் ராஜா அல்லது ராணி தலை, மறுபக்கம் பெரும்பாலும் குதிரையில் வந்து டிராகனைக் கொல்லும் வீரன். 1918ஆம் ஆண்டுக் காசு கையில் வந்தால், ஆண்டுக்கு மேலே தரைக்கோட்டில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருந்தால் அது பம்பாயில் அடித்தது.

புதுச்சேரியில் யாராவது சேவல் போட்ட பிரெஞ்சு 20 பிராங்க் காசு காட்டினால் அது 6.45 கிராம், 900 தரம். 916 விலை கொடுத்துவிடாதீர்கள்.

சோதிப்பதற்கு 0.01 கிராம் வரை காட்டும் தராசும் விட்டமும் தடிமனும் அளக்க ஒரு வெர்னியரும் வேண்டும். அந்த ஆங்கிலேயர் சவரனின் விட்டம் 22.05 மில்லிமீட்டர், தடிமன் ஏறக்குறைய ஒன்றரை. எடை சரியாக இருந்து காசு தடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். தங்கத்தின் கனம் மலிவான உலோகத்துக்கு வராது. ஆனால் டங்ஸ்டன் கிட்டத்தட்ட சுத்தத் தங்கத்தின் அடர்த்தியே கொண்டது. அதனால் பெரிய தொகை என்றால் டச் பார்க்கும், அதாவது தங்கத்தின் தரம் சோதிக்கும் கடையில் மெஷினில் வைத்துப் பார்ப்பதோடு, இந்த அளவுகளையும் சேர்த்தே பாருங்கள்.

5. வாங்கிய பிறகு

பூந்திக்கொட்டை போட்டுத் தேய்க்காதீர்கள்! மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஆயா வைத்திருந்த ராஜா தலைக் காசில், செயினில் கோக்க வளையம் பற்றவைத்து, பாலிஷும் போட்டிருந்தார்கள். காசு சேகரிப்பவர் ஒருவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உருக்கினால் கிடைக்கும் தங்கத்தின் விலைதான் தம்பி" என்றார். பிளாஸ்டிக் கூட்டில் போட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள்.

அப்புறம், பாரீசில் இருக்கும் சொந்தக்காரர் "வரும்போது அந்தப் பழைய காசைக் கொண்டு வா" என்றால் ஆண்டைப் பாருங்கள். 100 ஆண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். நாமாக வெளிநாட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது.