1855-க்கு முன் இறந்த ஸ்காட்லாந்து முன்னோர்: தடம் கிடைத்த வழி

ஸ்காட்லாந்தில் அரசின் இறப்புப் பதிவு 1855 ஜனவரி 1-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் திருச்சபைப் பதிவேடுதான். பல ஊர்களில் அடக்கப் பதிவே இல்லை. இருப்பதும் பெரும்பாலும் சவப்பெட்டிமேல் போர்த்தும் துணிக்கு வாங்கிய வாடகைக் கணக்கு. துணி எடுக்காதவர் பெயர் அதில் வராது. அதையே புரட்டிக்கொண்டிருப்பது வீண்.

முன்னோரின் பெற்றோரைக் கண்டறிய எனக்குப் பலித்தது பக்கவழி: அவருக்கு உடன்பிறந்தவராக இருக்கலாம் என்று தோன்றுபவர்களில் 1855-க்குப் பின் இறந்தவரைப் பிடித்தேன். ஸ்காட்லாந்து அரசின் பதிவேட்டு இணையதளமான ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிளில் கிடைக்கும் இறப்புப் பதிவில் தந்தை பெயரும், தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரும் இருக்கும். 1860 வரையிலான பதிவுகளில் அடக்கம் செய்த இடமும் உண்டு; அந்த இடுகாட்டுக் கல்வெட்டுகளைப் பாருங்கள், மனைவியர் பெயரும் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரோடு பொறிக்கப்பட்டிருப்பது அங்கே வழக்கம். தகவல் சொன்னவர் மருமகனோ அண்டைவீட்டாரோ என்றால் பெற்றோர் பெயரைச் சந்தேகத்தோடுதான் எடுக்க வேண்டும்.

சந்தேகம் தீர ஆட்டோசோமல் டிஎன்ஏ சோதனை (தாய், தந்தை இருவழியிலும் வந்த மரபணுவை ஒப்பிடுவது). முன்னோரின் வழிவந்தவர், உடன்பிறந்தவர் என்று கருதுபவரின் வழிவந்தவர் என இரு கிளையிலும் உயிரோடிருக்கும் மூத்த தலைமுறையைச் சோதியுங்கள். எள்ளுத்தாத்தா பொதுவாக உள்ளவர்களுக்குச் சராசரி 70 சென்டிமார்கன் (பகிரும் டிஎன்ஏவை அளக்கும் அலகு) அளவே பொருந்தும். ஏறக்குறைய பத்தில் ஒரு ஜோடிக்குப் பொருத்தமே தெரியாது. அதனால் கிளைக்கு இருவராவது வேண்டும்.